திரும்பி வந்தவனுக்கு வாசித்த வசனம்

18.07.2024, வியாழன். இன்று கடையில் ஒரு பிழை விட்டேன். இரண்டு மீட்டர் லைனிங் துணி கேட்டவருக்கு ஒன்றரை மீட்டரில் கத்தரியை வைத்துவிட்டேன். முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனிமேல் வெட்டுமுன் அளவை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் எழுதி, கீழே அடிமட்டம் வைத்துக் கோடும் போட்டுவிட்டு, மாலை வகுப்புக்குக் காத்திருந்த மேனுஷா பேனாவை மூடினாள். அன்றைக்கு நடந்ததில் எழுதத் தகுந்தது அது ஒன்றுதான் என்பதுபோல் இருந்தது அந்தக் கோடு. காலையில் கடைக்கு அம்மா எடுத்த டெலிபோனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பதுளை பஸாரில் வைரவநாதன் முதலாளியின் துணிக்கடையில் அவளுக்கு வேலை. வாரத்தில் இரண்டு நாள், கடை முடிந்ததும் சபை மண்டபத்தில் நடக்கும் வேதாகம மாலை வகுப்புக்கு வந்துவிடுவாள். முதலாளி பிள்ளையாருக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் கல்லாவில் உட்காருகிறவர். ஆனாலும் வகுப்பு நாளில் அவளை நேரத்தோடு விடத் தவறியதில்லை. "போம்மா, போய்ப் படி. மோட்சத்துக்குப் போறப்ப எனக்கும் ஒரு ஸீட் புடிச்சு வை, ஜன்னலோரமா" என்பார். இன்றைக்கும் அதைத்தான் சொன்னார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தேடுவதற்கு ஒன்றும் இல்லாத மேசை லாச்சியை இழுத்துத் தேட ஆரம்பித்தார்.

அம்மா தனலெட்சுமி டெலிபோனில் சொன்னது இதுதான். அண்ணன் சுரேஸ் செவ்வாய்க்கிழமை காலையில் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். தோட்டத்து இளவட்டங்கள் அப்படிப் போவதும் வருவதும் வழமை என்பதால் அம்மாவும் ஒன்றும் யோசிக்கவில்லை. இன்று காலை படுக்கையை வெயிலில் போடத் தூக்கியபோது தலையணைக்கு அடியில் அவனுடைய போன் கிடந்தது. அணைத்து வைத்திருந்தான். தண்ணி பிடிக்கப் போன இடத்தில், அவனுடைய நல்ல சட்டையைப் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரன் போட்டிருப்பதைப் பார்த்தாள். கேட்டால், சுரேஸ்தான் கொடுத்தான், இனி எனக்கு வேணாம்னு சொன்னான் என்றிருக்கிறான். போகிற அன்றைக்கு என்றைக்கும் இல்லாத திருநாளாக அம்மாவின் காலைத் தொட்டதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அவன் ஏன் போனான் என்று மேனுஷாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பசறைக்கு மேலே, ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் முதன்முதலில் வேதத்துக்குப் போனவன் சுரேஸ்தான். அப்போது அவனுக்கு இருபத்தோரு வயது. பதுளு ஓயாவில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அப்பா வீரய்யா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "ஏன்டா, அங்கயாவது உன்ன வேலைக்கு நேரத்தோட எழும்பச் சொல்றாங்களா?" என்று கேட்டார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. மேனுஷாவை ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனது அவன். அவளுக்கு முதல் வேதாகமம் வாங்கிக் கொடுத்தது அவன். அவள் கண்ணால் கண்ட விசுவாசி என்றால் அவன்தான், மற்றவர்கள் எல்லாரும் அவனுக்குப் பிறகு.

இந்தத் தை மாதத்தில் அப்பா செத்துப்போனார். மூத்த மகன் மொட்டை போட்டுக் கொள்ளிக்குடம் தூக்க வேண்டும். வேதக்காரன் எப்படித் தூக்குவான் என்று கோயில் கமிட்டியில் பேச்சு வந்தது. சித்தப்பா மகன் தூக்கட்டும் என்றார்கள் சிலர். அம்மா விடவில்லை. பெத்த மகன் இருக்கையில் ஊரான் மகனா என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் கமிட்டிக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள்: அவன் அந்த வேதத்தை விட்டுவிட்டேன் என்று ஊருக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லட்டும், தூக்கட்டும். அம்மா மகனின் முகத்தைப் பார்த்தாள். சுரேஸ் குடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி, "எனக்கும் அந்த வேதத்துக்கும் ஒண்ணுமில்ல. அந்த ஏசு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றான். கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டான். மேனுஷா பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் சபைக்கு வரவில்லை. பாஸ்டர் இரண்டு தடவை வந்தபோதும் பின்பக்கத்தால் மலைக்கு ஏறிப் போய்விட்டான்.

அப்படி இருந்தவன் இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். திரும்பி வரலாமா என்று கேட்டான். வேதத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள்தான் வகுப்புக்குப் போகிறவள்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத பாப்பா. எழுதியிருக்கிறத அப்படியே சொல்லு."

அவள் அப்படியே செய்தாள். அவளுடைய பழக்கம் அது. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். ஒரு வாரம் முழுக்க, எந்தச் சொல் வேதாகமத்தில் எங்கே வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, விலகிப் போனவர்களைப் பற்றிய இடங்களையெல்லாம் தேடினாள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் வந்து நின்றாள். ஒருமுறை வெளிச்சத்தைக் கண்டு, பரலோகத்தின் ஈவை ருசி பார்த்து, ஆவியிலும் பங்கு பெற்ற பிறகு விழுந்துபோனவர்களை மறுபடியும் மனந்திரும்ப வைக்க முடியாது. அவர்கள் தேவகுமாரனை இன்னொரு தரம் சிலுவையில் அடிக்கிறார்கள், ஊரறிய அவமானப்படுத்துகிறார்கள் என்று அங்கே இருந்தது. ஊரறிய என்ற இடத்தில் அவளுக்கு லயமும் குடமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. இதைவிட மென்மையான வசனங்களும் அவள் கண்ணில் பட்டிருந்தன. ஆனால் ஆறுதலுக்குச் சொல்லாதே என்றல்லவா கேட்டான்?

இந்தத் திங்கட்கிழமை சாயந்தரம் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவனுக்கு அதை வாசித்தாள். திருப்பி வாசிக்கச் சொன்னான். வாசித்தாள். கீழே, மழையைக் குடித்தும் முள்ளை முளைப்பிக்கிற நிலம் சுட்டெரிக்கப்படும் என்று வருகிற இடம் வரை கேட்டுவிட்டு அவன் எழுந்துகொண்டான்.

"அப்ப பேரு வெட்டியாச்சு" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் வேலைக்கு வராதவனின் பேரைச் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருந்து வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வெட்டினதுதான். இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா கொழும்புக்கு ஓட்டல் வேலைக்குப் போய், சரிவராமல் திரும்பி வந்தார். வந்த பிறகு காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரோடும் போய் நிற்பார். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அப்பாவின் பேர் வராது. மற்றவர்கள் மலைக்கு ஏறியதும் அப்பா மட்டும் அந்தக் களத்தில் நிற்பார். பள்ளிக்கூடம் போகிற வழியில் அண்ணனும் தங்கச்சியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அம்மாவின் பேர் இருந்ததால் குடியிருந்த காம்பரா தப்பியது. திங்கட்கிழமை அந்த வசனத்தை வாசித்தபோது இரண்டு பேர் கண்ணிலும் நின்றது அந்தக் களம்தான். அதனால்தான் அவள் யோசிக்காமல் தலையாட்டினாள். மறுநாள் அவன் போய்விட்டான்.

வகுப்புக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். புஷ்பம் டீச்சர் ரெஜிஸ்டரை விரித்தபோது மேனுஷா எழுந்து, இன்றைய பாடத்துக்கு முன்னால் ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றாள். கேட்டாள். அண்ணன் என்று சொல்லவில்லை. தெரிந்த ஒருவர் என்றாள்.

ஜனுஷன் என்று ஒரு பையன், வங்கியில் வேலை, எதற்கும் பதில் வைத்திருப்பவன். அதெல்லாம் சுலபம், விழுந்துபோனவன் ஆரம்பத்திலேயே உண்மையான விசுவாசி இல்லை என்றுதான் அர்த்தம், காசோலை திரும்பி வந்தால் கணக்கில் பணமே இருக்கவில்லை என்பது மாதிரி என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மேனுஷாவுக்கு எதையாவது எடுத்து அவன்மேல் எறிய வேண்டும் போல் இருந்தது. அட்டை கடிக்கக் கடிக்க, ஆற்றங்கரையில் முழங்காலில் நின்று அழுது ஜெபித்த சுரேஸை அவள் பார்த்திருக்கிறாள். அது பொய் என்றால் அவளுடையதும் பொய்தான்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலிக்கவில்லையா, அவரைக் கர்த்தர் சேர்த்துக்கொள்ளவில்லையா என்று இன்னொரு அக்கா கேட்டாள். இது மேனுஷாவுக்கும் தோன்றியதுதான். அண்ணன் சொன்னது பேதுரு சொன்ன அதே வார்த்தை. ஆனால் பேதுரு சொன்னது சிலுவைக்கு முன்னால். இவன் எல்லாம் தெரிந்த பிறகு சொன்னான். அதே நிருபத்தில் ஏசா வேறு இருக்கிறான், மூத்த மகனுக்குரிய உரிமையைச் சாப்பாட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு கண்ணீர்விட்டுத் தேடியும் ஆசீர்வாதம் கிடைக்காமல் போனவன். ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று அடைத்துக்கொண்டது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு டீச்சர் அவளைக் கூப்பிட்டார். கதிரைகளை அடுக்கியபடியே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இருபது வருசமா நான் அந்த இடத்த வேகமாத் தாண்டிருவேன் மேனுஷா. பிள்ளைங்க கேட்டா, அடுத்த கிழமை பார்ப்போம்னு சொல்லுவேன். எனக்குத் தெரியாது. பயமா இருக்கும்." பிறகு கேட்டார், "தெரிஞ்சவர்னு சொன்னியே, உன் அண்ணனா?"

மேனுஷா ஆமாம் என்றாள். அவனுக்கு அதை வாசித்துக் காட்டியவள் தான்தான் என்பதையும் சொன்னாள். டீச்சர் கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்துவிட்டு, பஸ் போய்விடப் போகிறது, முதலில் வீட்டுக்குப் போ, அவனைத் தேடு என்றார்.

பசறை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. வளைவுக்கு வளைவு ஆட்கள் அவள்மேல் சாய்ந்தார்கள். பள்ளத்துப் பக்கம் பார்க்காமல் அவள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகிறவன் கரும்பு வெட்டவா போகிறான்? அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. ஜெபிக்கப் பார்த்தாள். அவனை அப்படி அனுப்பி வைத்த வாயால் என்ன கேட்பது?

வீட்டில் விளக்கு போடாமல் அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேனுஷா எல்லாவற்றையும் சொன்னாள். பீலிக்கரையில் அவன் கேட்டது, அவள் தேடியது, வாசித்தது, தலையாட்டியது. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் எழுந்து வந்து அவளுக்கு முன்னால் நின்றாள்.

"நான் சொல்லச் சொல்லித்தானேடி அவன் சொன்னான். புருசன் பொணம் வாசல்ல கெடக்கு, பெத்தவ கெஞ்சுறா, அவன் வேற என்ன செய்வான்? இது உங்க சாமிக்குத் தெரியாதா? அது என்ன, நம்ம கணக்கப்பிள்ளைய விடக் கேவலமாப் போச்சா?"

"அப்படி இல்லம்மா."

"அப்படி இல்லைன்னா ஏன்டி தலையாட்டுன? படிச்சவளாச்சேன்னு உன்கிட்ட வந்தான். அன்னைக்கு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பீலிக்கரைக்கு வர்றான், நீ குனிஞ்சு அலசிக்கிட்டு இருக்க, உன்னப் பாக்குறான், திரும்பிப் போயிடுறான். கோயில் வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்ப வர்றான். இவனுக்கு என்னா பேய் புடிச்சிருக்குன்னு நெனச்சேன். வெக்கங்கெட்டு, நாலாந்தடவ வந்துதான்டி உன்னக் கூப்புட்டான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனுஷாவுக்கு இது தெரியாது. அவன் நேராக வந்தான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

அவள் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தாள். பையில் இருந்த வேதாகமத்தை எடுத்துப் பல்பு வெளிச்சத்தில் அந்த இடத்தை மறுபடி வாசித்தாள். வசனம் ஒரு பிடி இளகவில்லை. எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மனந்திரும்ப வைக்க முடியாது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனந்திரும்ப வைக்கத்தான் முடியாது என்று இருக்கிறது. வளைவு வரைக்கும் போய்ப் போய் வந்தவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான்? யாரும் கூப்பிடவில்லை. பாஸ்டர் வந்தபோது ஒளிந்துகொண்டவன், தானாக வந்தான். திரும்ப முடியாதவர்களைப் பற்றிய தீர்ப்பை, திரும்பி வந்து முன்னால் நின்றவனுக்கு அல்லவா அவள் வாசித்துவிட்டாள்? அப்பா பெரட்டில் நின்றார், கணக்கப்பிள்ளை அவரைத் தாண்டிப் போனார். அது தோட்டத்து வழமை. அந்த வழமையை இந்த ஏட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது அண்ணனும் அவளும்தான். இங்கே, வந்து நிற்கிறவனைத் தாண்டிப் போவதாக எங்கே எழுதியிருக்கிறது?

உடனே சந்தேகம் வந்தது. அண்ணன் வேண்டும் என்பதற்காக வசனத்தை வளைக்கிறேனோ? ஏசாவும் அழுதுகொண்டு வந்தான்தானே? ஆனால் ஏசா அழுதது போன ஆசீர்வாதத்துக்கு. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லையே, வரலாமா என்று மட்டும்தானே கேட்டான்? இதுவும் சரிதானா, அவளுக்குத் தெரியவில்லை. முள் நிலம் எரிகிற வசனத்துக்கு அடுத்ததை அப்போதுதான் வாசித்தாள். அவ்வளவு கடுமையாகப் பேசியவர், கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பிரியமானவர்களே என்று கூப்பிட்டு, நாங்கள் இப்படிச் சொன்னாலும் உங்களிடத்தில் நல்லதைத்தான் எதிர்பார்க்கிறோம் என்கிறார். வெளியே தள்ளப்பட்டவர்களிடம் யாராவது அப்படிப் பேசுவார்களா? திங்கட்கிழமை அண்ணன் எழுந்தபோது அவளும் புத்தகத்தை மூடிவிட்டாள். இன்னும் கொஞ்சம் இரு என்று அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கலாம்.

இது பாதி விளக்கம்தான். புஷ்பம் டீச்சரிடம் சொன்னால் சரி என்பாரா, பிழை என்பாரா, தெரியாது. ஜனுஷன் ஏதாவது கண்டுபிடிப்பான். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தத் தலையாட்டல் அவளுடையது. அதைச் சொல்ல அவளுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

அம்மா உள்ளே இருந்து, இப்றாஹீம் லொறியில்தான் போனானாம் என்றாள். பசறையில் இருந்து மொனராகலைக்கு மரக்கறி ஏற்றுகிறவர் இப்றாஹீம்; எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். மேனுஷா நம்பர் வாங்கி அவருக்குப் போன் எடுத்தாள். அவர் முதலில் யார் என்று பிடிபடாமல், பிறகு, ஆமா, ஆமா என்றார்.

"டவுன்ல எறக்கி விட்டேன் தங்கச்சி. முகம் சரியில்ல. சோறு வாங்கித் தர்றேன்னேன், வேணாம்னுட்டான். கரும்புப் பக்கம் போற பஸ் எதுன்னு கேட்டான். நான் காட்டின பஸ்ல ஏறல, அங்கயே பெஞ்சில உக்காந்துட்டான். வரும்போது பாத்தேன், அப்பயும் இருந்தான்."

"அது செவ்வாக்கெழமையா நானா?"

"செவ்வாதான். நேத்தும் போனேன். நேத்து பெஞ்சில வேற ஆளு."

இப்றாஹீம் போனை வைக்கவில்லை. பிறகு அவரே, நாளைக்கும் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறேன், நீங்கள் முதல் பஸ்ஸில் வாருங்கள், பஸ் நிலையத்தில் நிற்கிறேன், கரும்பு வெட்டுகிறவர்கள் தங்குகிற காம்புகளில் எனக்கு நாலு பேரைத் தெரியும், தேடுவோம் என்றார்.

அம்மா தானும் வருகிறேன் என்று நின்றாள். மேனுஷா வேண்டாம் என்றாள். அவன் இங்கே வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். வந்தால் உட்கார வை, சோறு போடு, நான் வரும்வரை எங்கேயும் விடாதே என்றாள். அதோடு, அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னது நான்தான் என்று அம்மா அவனிடம் ஒருமுறை சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். அம்மா பானையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.

நாளைக்கு வேலைக்கு வர முடியாது என்று மேனுஷா முதலாளிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு சாயந்தரம் போட்ட கோட்டுக்குக் கீழே எழுதினாள்.

பெரிய பிழை: திங்கட்கிழமை அண்ணன் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரியாத ஒன்றை அவனுக்குத் தீர்ப்பாகச் சொன்னேன். அவன் எங்கே இருக்கிறான் என்று இப்போது தெரியாது.

நாளை: பசறையில் முதல் பஸ். மொனராகலை பஸ் நிலையத்தில் இப்றாஹீம் நானாவைச் சந்திக்க வேண்டும். அண்ணனுடைய போட்டோ ஒன்றும் அவனுடைய போனும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பெஞ்சுப் பக்கத்துக் கடைகளில் விசாரித்து, பிறகு கரும்புக் காம்புகள், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு பொலிஸ். கண்டால் வசனம் பேசக்கூடாது. சாப்பிட வைத்து, வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும்.